ஆயாம்மாவுக்கு ஐந்து ஸ்டார், நற்பண்புப் பெட்டிக்கு ஒன்று

அட்மிஷன் நேரத்தில் அவசரமாகப் படிப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி நல்ல பள்ளி. மூன்று வயதுக் குழந்தையை நம்பி விடலாம். ஆனால் சேர்க்கும்போது ஒரு பெட்டியை நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 'நற்பண்புப் பெட்டி' என்று பெயர், 1,800 ரூபாய். அது வேண்டாம்.

பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. பாராட்டோடு குறையும் சொல்லப்போகிறேன், அறுபது எழுபது குழந்தைகள் இருக்கிற சின்ன இடம் அது. சேலத்தில் சூரமங்கலம் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் இரும்பாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பேத்தியைக் காலையில் விடுவதும் மத்தியானம் அழைத்து வருவதும் என் டியூட்டி. ஒரு மணிக்கு, குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் பள்ளி விடும். எனக்கு வேறு வேலை இல்லாததால் பன்னிரண்டுக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். கேட்டுக்குள் ஒரு சிமெண்டுத் திண்ணை உண்டு. அங்கிருந்து செருப்பு விடும் இடம், கை கழுவும் குழாய், சாப்பிடும் வராந்தா மூன்றும் நன்றாகத் தெரியும். பேத்தி ப்ரீ-கே.ஜி.யில் சேர்ந்தது முதல் இப்போது யு.கே.ஜி. வரை அந்தத் திண்ணையிலிருந்து பார்த்ததுதான் இந்த விமர்சனம். ஆலையில் தகட்டுச் சுருளின் மேல் எந்தத் தரம் என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், ஒரு துண்டு வெட்டி இழுத்துப் பார்க்காமல் நாங்கள் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

என் மகளுக்கு ஏ பி சி டி பற்றி ஒரு கவலையும் இல்லை. "அதெல்லாம் தானா வரும்ப்பா, நல்ல குணமா வளரணும், சாமி பக்தி வேணும், அதுக்கு எந்த ஸ்கூல் நல்லா இருக்கும்னு பாருங்க" என்றாள். அதைப் பார்க்கத்தான் போனோம். ஒரு இடத்தில் காலை அரை மணி நேரம் ஸ்லோகம். நாலு வயசுப் பையன் ஒருவனை அழைத்து எங்கள் முன்னால் ஒரு நீளமான ஸ்லோகத்தைச் சொல்லச் சொன்னார்கள். அட்சரம் பிசகாமல் சொன்னான், முடித்ததும் ஓடிப்போய் ஒன்றுக்குப் போனான், பாவம், அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறான். இன்னொரு இடம் படு சுத்தம், ஆனால் குழந்தைகள் இருக்கிற இடமாட்டம் சத்தமே இல்லை. மூன்றாவது இடத்தில் ஏ.சி., பெரிய திரை, நல்லொழுக்கம் எல்லாம் கார்ட்டூன் வீடியோவில். கடைசியாகப் பார்த்ததுதான் இது. ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். விளம்பரத் தாளில் ஒழுக்கம், பக்தி, பண்பாடு என்று எல்லோரும் போடுவதையே இவர்களும் போட்டிருந்தார்கள். கரஸ்பாண்டென்ட் மேடம் அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். எனக்கு அந்தப் பேச்சில் ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே வரும்போது ஆயாம்மாவைப் பார்த்தேன். சேர்க்கலாம் என்று மகளிடம் சொன்னேன்.

ஆயாம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் விளம்பரத் தாளில் அவர் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர். குழந்தைகளை எல்லாம் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். காலையில் வாசலில் அவர் செய்யும் வேலை செருப்பு. "சாமி, ஜோடியா நிக்க வை, போகும்போது தேடக்கூடாது" என்பார். நாங்கள் போன அன்று ஒரு பையன் தாமதமாக வந்து, அழுதுகொண்டே வரிசையாக இருந்த செருப்பையெல்லாம் காலால் எத்திவிட்டான். அவனுடைய அம்மா கையை ஓங்கினார். ஆயாம்மா ஒன்றும் சொல்லாமல் கீழே உட்கார்ந்து ஒரே ஒரு ஜோடியை எடுத்து நேராக வைத்தார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற பையன், தானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தான். இடது வலது எல்லாம் மாறித்தான் இருந்தது. அதை அவர் திருத்தவில்லை.

இன்னொரு நாள் ஒரு பெண் குழந்தை பக்கத்தில் இருந்தவனைக் கையில் நறுக்கென்று கடித்துவிட்டது. சாதாரணமாக இந்த இடத்தில் எல்லாப் பள்ளியிலும் நடப்பது என்ன? "ஸாரி சொல்லு." குழந்தை எங்கேயோ பார்த்துக்கொண்டு "ஸாரி" என்று சொல்லும், முடிந்தது. இங்கே மிஸ் கடித்த குழந்தையை அழைத்து, நனைத்த துணி ஒன்றைக் கொடுத்து, "அவன் கையில பல்லு பதிஞ்சிருக்கு பாரு, இதை வெச்சுப் பிடி" என்றார். அது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடிக்கடி துணியைத் தூக்கி அந்தத் தடத்தைப் பார்த்தது. கடைசிவரை யாரும் ஸாரி கேட்கச் சொல்லவில்லை. சாப்பிடப் போகும்போது இரண்டும் சேர்ந்துதான் போயின.

சாப்பாட்டு வராந்தாதான் இந்தப் பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு. சூரமங்கலத்தில் ரயில்வே குடும்பங்கள் நிறைய. எல்லா ஊர்க்காரர்களும் எல்லாச் சாதியும் எல்லா மதமும் கலந்த பேட்டை. அதனால் டப்பாக்களும் அப்படித்தான் இருக்கும். ஒருநாள் ஒரு குழந்தையின் டப்பாவில் கருவாட்டுக் குழம்புச் சோறு. பக்கத்துக் குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு "ச்சீ" என்றது. நாலு வயசுக் குழந்தைக்கு அந்த 'ச்சீ' தானாக வராது, வீட்டிலிருந்து வருகிறது, அது எந்த 'ச்சீ' என்று நம் எல்லோருக்கும் தெரியும். மிஸ் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அது அவங்க வீட்டுச் சாப்பாடு. அவங்க அம்மா காலையில எந்திரிச்சு செஞ்சது. நமக்கு வேண்டாம்னா நம்ம டப்பாவைப் பார்த்துச் சாப்பிடணும்." பகிர்ந்து சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை. சில பள்ளிகளில் 'ஷேரிங் டே' என்று வைத்துக் குழந்தையின் டப்பாவைப் பிடுங்கிப் பங்கு வைப்பார்கள். தன் பொருள் தன்னுடையது என்ற நிச்சயம் இருந்தால்தான் குழந்தை கொடுக்கவே துணியும் என்பது என் அபிப்பிராயம். என் வீட்டுக்காரம்மாவுக்கு இதில் வேறு அபிப்பிராயம். அது எங்கள் வீட்டு வழக்கு.

வாசல் போர்டில் 'மாண்டிசோரி முறை' என்று எழுதியிருக்கிறது. சேலத்தில் இப்போது எந்தத் தெருவில் திரும்பினாலும் அந்தப் பெயர்தான். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோம் நகரத்தில் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் பள்ளியைத் தொடங்கியவர். 1939-ல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், உலகப்போரில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் இங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. அதில் கொஞ்ச காலம் கொடைக்கானலில் இருந்தார். குழந்தைகளுக்கு மரியாதையையும் நிதானத்தையும் அவர் உபதேசமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வைப்பது, கதவை மெதுவாகச் சாத்துவது, சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது என்று கைவேலையாகத்தான் வைத்தார். நம் பள்ளியில் அவர் பெயர் சொல்லும் இளஞ்சிவப்பு மரக்கட்டைக் கோபுரம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி இருக்கிறது, தூசு படியாமல். அம்மையாரின் முறையோ ஆயாம்மாவிடம் குழாயடியில் நடக்கிறது. ஆயாம்மாவுக்கு மாண்டிசோரி யார் என்று தெரியாது. கேட்டுப் பார்த்தேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். இதைத் திட்ட எனக்கு உரிமை உண்டு, காசு கொடுத்தவன் நான். உள்ளே கதை அட்டைகள், ஒரு பயிற்சிப் புத்தகம், பாட்டும் கதையும் ஏற்றிய பென் டிரைவ், சுவரில் மாட்ட ஒரு சார்ட், அதில் ஒட்டத் தங்கநிற ஸ்டார் ஸ்டிக்கர்கள். பள்ளி தயாரித்ததில்லை, வெளியூர் கம்பெனி ஒன்றின் சரக்கு. தமிழ் கேட்கச் சகிக்கவில்லை. பென் டிரைவ் கதையில் வருகிற குழந்தை தன் அப்பாவைப் பார்த்து 'தந்தையே, என்னை மன்னியுங்கள்' என்கிறது. ஒவ்வொரு அட்டையின் அடியிலும் கட்டம் போட்டு 'நீதி' என்று ஒரு வரி.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம் 'நல்ல பையனுக்கு டிக், கெட்ட பையனுக்கு இன்டு போடு' என்று இருந்தது. நல்ல பையன் எல்லாம் சிவப்பாக, படிய வாரிய தலையோடு, இஸ்திரி போட்ட சட்டையில். கெட்ட பையன் கறுப்பாக, தலை கலைந்து, பட்டன் இல்லாமல். பேத்தி டிக் எல்லாம் சரியாகத்தான் போட்டாள். போட்டுவிட்டு, இன்டு போட்ட பையனைக் காட்டி, "இவன் என் கலரு தாத்தா" என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மறுநாள் கரஸ்பாண்டென்ட் மேடத்தின் மேஜையில் வைத்தேன். பார்த்தார். "கவனிக்கலை சார்" என்றார். அந்தப் புத்தகத்தை வகுப்பில் நிறுத்திவிட்டார்கள், அதற்கு மார்க் கொடுக்கலாம். ஆனால் அடுத்த வருஷம் சேர்ந்த குழந்தைகளுக்கும் அதே பெட்டி, அதே பக்கத்தோடு போனது. கமிஷன் ஏதோ இருக்கும்போல.

ஸ்டார் சார்ட்டை மட்டும் வீட்டுச் சுவரில் மாட்டினோம். பெரியவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் ஒரு ஸ்டார், பொம்மையை எடுத்து வைத்தால் ஒரு ஸ்டார். முதல் வாரம் வீடே கோயில் மாதிரி இருந்தது. அதன் பிறகு நான் தண்ணீர் கேட்டால், "ஸ்டார் உண்டா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்திருப்பாள். ஸ்டிக்கர் தீர்ந்துபோன அன்று தண்ணீரும் நின்றது. அதற்கு முன்னால் இரண்டு வயசில் யாரும் கேட்காமலே டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து பாதி வழியில் கொட்டியவள் அவள்.

எங்கள் வீட்டு அனுபவம் மட்டும் இல்லை இது. 1973-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் தங்க ஸ்டார் ஒட்டிய சான்றிதழ் தருவோம்' என்று சொல்லி வரையவைத்தார்கள், கொடுக்கவும் செய்தார்கள். பிறகு ஒருநாள் சும்மா பேனாவைப் போட்டுவைத்துப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். 2008-ல் வார்னெக்கன், டோமசெல்லோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். பெரியவர் கையிலிருந்து தவறி விழுந்ததை எடுத்துக் கொடுக்கிற குழந்தைக்குப் பரிசு கொடுத்துப் பழக்கினால், பரிசு நின்றதும் உதவியும் குறைகிறது. ஒன்றுமே கொடுக்காமலும், வெறும் நன்றி சொல்லியும் பழக்கிய குழந்தைகள் தொடர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். இதை மிஸ்ஸிடம் சொன்னேன். அவருக்கும் ஸ்டாரில் நம்பிக்கை இல்லை. "பேரன்ட்ஸ் கேக்குறாங்க சார். ஸ்டார் இல்லாம வீட்டுக்கு வந்தா ஏன்னு போன் வருது" என்றார். அதுவும் நியாயம்தான், அந்த வாட்ஸ்அப் குரூப்பில் நானும் இருக்கிறேன்.

இதைவிடக் கூத்து ரிப்போர்ட் கார்டு. அன்பு – ஏ. பொறுமை – பி. நேர்மை – ஏ பிளஸ். பொறுமையை எதை வைத்து அளந்தீர்கள் என்று பி.டி.எம்.மில் கேட்டேன். மிஸ் சிரித்துவிட்டார். "கார்டுல கட்டம் இருக்கு சார், எதையாவது போட்டுத்தான் ஆகணும்." அந்தப் பொய்யே சொல்லத் தெரியாத பெண்ணுக்கு நான் நேர்மை ஏ பிளஸ் போடுவேன்.

நேர்மை, நோக்கம் என்று இந்த வயசில் எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜே குழந்தைகளிடம் இரண்டு கதை சொல்லிக் கேட்டார். ஒரு பையன் சாப்பிட வரும்போது கதவைத் திறக்கிறான், பின்னால் தட்டு இருந்தது தெரியாமல் பதினைந்து கோப்பை உடைந்துவிடுகிறது. இன்னொரு பையன் அம்மா இல்லாத நேரம் ஜாம் திருட ஏறி ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் தப்பு பெரிசு? சின்னக் குழந்தைகளில் பலர் பதினைந்தை உடைத்தவனைத்தான் சொன்னார்கள். நானும் பேத்தியிடம் கேட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர், இரும்பாலைக்காரன் வீட்டில் உடைகிற பாத்திரம் ஏது? "டம்ளர் எப்படி உடையும்?" என்று அங்கேயே நின்றுவிட்டாள். கண்ணாடி வளையலாக மாற்றிச் சொன்னேன். கொஞ்சமும் யோசிக்காமல் "பதினைஞ்சு" என்றாள். அந்தப் பையனுக்குத் தெரியாதே என்றேன். "ஆனா பதினைஞ்சு தாத்தா!" இந்த வயசுக் குழந்தையிடம் உள்நோக்கம், மனசாட்சி என்று வெள்ளிக்கிழமை வகுப்பில் அரை மணி நேரம் பேசுகிறார்கள். பேசட்டும், கெடுதல் இல்லை. குழந்தைகள் அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக அணில் பார்க்கிறார்கள்.

ஆனால் ஆத்திசூடி சொல்லவைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அர்த்தம் தெரியாமல் எதற்கு மனப்பாடம் என்று வேறு ஒரு தாத்தா திண்ணையில் என்னோடு சண்டை போட்டார். எனக்கும் ஐந்து வயசில் அர்த்தம் தெரியாது. 'ஆறுவது சினம்' எனக்குப் புரிந்தது மேலதிகாரி ஒருவரிடம் நாற்பது வயசில் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு. உள்ளே கிடந்ததால்தான் அன்றைக்கு ஞாபகம் வந்தது. ஓசை நயத்தோடு, கை தட்டி, சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். அடியில் 'நீதி' என்று கட்டம் கட்டாத வரைக்கும் சரி.

இனி பக்தி விஷயம். இதில்தான் எனக்குக் கோபம் வந்தது.

வழக்கமான மிஸ் பிரசவ லீவில் போனபோது தற்காலிகமாக ஒருவர் வந்தார். கொஞ்ச நாளில் பேத்தி ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. கிளறிக் கேட்டதில், பென்சில் எடுத்ததற்கு "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும், சாமி எல்லாத்தையும் பார்த்துட்டே இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். பூஜை அறைப் பக்கம் போகவே பயந்தாள். கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு ஆடியில் தோளில் உட்கார்ந்து சந்தோஷமாக வந்த குழந்தை, அம்மன் கண்ணைப் பார்க்க மாட்டேன் என்று அவள் அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "ஏங்க, நாமளும் அப்படிச் சொல்லித்தானே வளர்த்தோம், நம்மளையும் அப்படித்தானே வளர்த்தாங்க" என்றார் வீட்டுக்காரம்மா. வளர்த்தார்கள், உண்மைதான். ஆனால் நம் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே பொங்கல் இருந்தது, கூழ் இருந்தது, குகை என்கிற நம் ஊர்ப் பேட்டையில், அலங்கரித்த வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கை பார்க்க ராத்திரி முழுக்கக் கண்விழித்தது இருந்தது. சாமி மிரட்டுவதும் கொண்டாடுவதும் சேர்ந்தே வந்தது. பள்ளியில் மிரட்டல் மட்டும் தனியாக வருகிறது. குழந்தையை அடக்க ஆள் போதாத இடத்தில் சாமியை வாட்ச்மேன் வேலைக்கு வைக்கிறார்கள். அப்படிப் பழக்கினால் பக்தி வராது. யாரும் பார்க்காதபோது எடுக்கலாம் என்ற கணக்குத்தான் வரும்.

கரஸ்பாண்டென்ட் மேடத்திடம் போனேன். இங்கே பள்ளிக்கு முழு மார்க். மழுப்பவில்லை. அந்தத் தற்காலிக மிஸ்ஸையும் வைத்துக்கொண்டே பேசினார், அவரைக் கூனிக் குறுக வைக்காமல். அடுத்த வாரத்திலிருந்து அந்த வார்த்தை வகுப்பில் வரவில்லை என்று பேத்தி வழியாகத் தெரிந்துகொண்டேன். பயம் தெளியக் கொஞ்ச நாள் ஆனது.

காலைப் பிரார்த்தனை இன்னொரு விஷயம். முதலில் எல்லோரும் கைகூப்பி சரஸ்வதி ஸ்லோகம் சொன்னார்கள். முஸ்லிம் வீட்டுக் குழந்தை ஒன்று இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் அம்மா கேட்டில் நின்று பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அரசியலமைப்புச் சட்டத்தின் 28-வது பிரிவில் இதற்கு விடை இருக்கிறது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனையே கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற மற்ற நிறுவனங்களில், சம்மதம் இல்லாமல் யாரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. படிப்பவர் சிறுவயதினர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் இதை எடுத்துச் சொன்னேன். ஒரு அப்பா "இது என்ன சார், நம்ம பண்பாடுதானே" என்றார். நானும் விபூதி இல்லாமல் வெளியே போகாதவன்தான், அதனால் அவர் மேலே பேச முடியவில்லை.

மேடம் செய்தது எனக்குப் பிடித்தது. எல்லா மதத்திலிருந்தும் ஒவ்வொரு வரி எடுத்துக் கலவைச் சாதம் கிண்டவில்லை. பொதுவில் ஒரு நிமிஷம் கண் மூடி உட்காருவது, பிறகு ஒரு பாட்டு, அவ்வளவுதான் என்று ஆக்கினார். பக்தியை வீட்டிலிருந்தே வரவழைத்தார். யார் வீட்டுப் பண்டிகையோ அந்த வீட்டுத் தாத்தா பாட்டி வந்து தங்கள் வீட்டில் அன்று என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டும். மாறுவேடம், பிளாஸ்டிக் கிரீடம், ஒட்டுத் தாடி எதுவும் கூடாது.

ரம்ஜானுக்கு அந்த முஸ்லிம் வீட்டுக் குழந்தையின் நன்னிமா, அதாவது பாட்டி, வந்தார். நோன்பு திறக்கும்வரை பசிக்காதா என்று ஒரு பையன் கேட்டான். "பசிக்கும் கண்ணு, நல்லா பசிக்கும்" என்றார். பெரிய தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்திருந்தார், திண்ணைக்கும் ஒரு டம்ளர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ரயில்வேயில் வேலை பார்த்தவரின் மனைவி, வைக்கோல் கொண்டுவந்து குழந்தைகளையே குடில் கட்டவைத்தார். மாட்டுக்கு ஏன் கயிறு இல்லை என்பதில் பெரிய விவாதம் நடந்தது. ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து இங்கே குடிவந்த குடும்பம் ஒன்று உண்டு. அந்தத் தாத்தா மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து, உச்சியில் சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் இருப்பதையும், மே மாதத் திருவிழாவுக்கு மலை ஜனம் எல்லாம் கூடுவதையும் சொன்னார். அதிகம் பேசத் தெரியாதவர். "உள்ள குனிஞ்சுதான் போவணும், யாரா இருந்தாலும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து நடந்து காட்டினார். வகுப்பு முழுக்க அவர் பின்னால் குனிந்து நடந்தது. அன்றைக்குப் பெட்டியின் கதை அட்டை எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

என் முறையும் வந்தது. நான் கஞ்சமலை சித்தர் கோயில் கதையைச் சொன்னேன். இரும்பாலை அந்த மலை அடிவாரத்தில்தான் இருக்கிறது, அமாவாசைக் கூட்டத்தை வருஷக்கணக்காகப் பார்த்தவன். ஒரு சீடர் சோறு பொங்கும்போது கையில் கிடைத்த மூலிகைக் குச்சியால் கிண்டினார், சோறு கறுத்துப்போனது, பயந்துபோய்த் தானே அதைத் தின்றார், கிழவராக இருந்தவர் வாலிபராகிவிட்டார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்டன. முடித்ததும் மிஸ் பழக்கத்தில், "இந்தக் கதையிலிருந்து நமக்கு என்ன தெரியுது?" என்று ஆரம்பித்தார். ஒருத்தன் கையைத் தூக்கி, "தாத்தா அந்தச் சோத்தைச் சாப்பிடலைன்னு தெரியுது" என்றான். அதற்குப் பிறகு தாத்தா பாட்டி கதைகளுக்கு யாரும் நீதி கேட்பதில்லை.

கட்டணம் வருஷத்துக்கு முப்பத்தி ரெண்டாயிரம், மூன்று டேர்மாகக் கட்டலாம். கொஞ்சம் அதிகம்தான். முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை, உங்கள் தெரு அங்கன்வாடியை ஒருமுறை போய்ப் பாருங்கள். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம். கை கழுவுவது, வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் ஒரே சாப்பாடு சாப்பிடுவது எல்லாம் அங்கே இலவசம், முட்டையும் போடுகிறார்கள். எங்கள் பக்கத்து அங்கன்வாடி டீச்சர் நன்றாகத்தான் நடத்துகிறார். மகளுக்கு நேரம் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

மற்ற குறைகள்: வேன் கந்தம்பட்டி பைபாஸ் தாண்டி வராது. கழிப்பறை சுத்தம், ஆனால் ஒன்றுதான் இருக்கிறது, மாதாந்திரக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வெயில் காலத்தில் ஓட்டு வீடு கொதிக்கும், சேலத்து ஏப்ரல் உங்களுக்குத் தெரியும். ஆண்டு விழாவுக்கு உடை வாடகை என்று தனியாக வசூல் உண்டு.

சேர்க்கப் போகிறவர்கள் அலுவலக அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். பன்னிரண்டே கால் மணிக்குப் போய்ச் சாப்பாட்டு வராந்தாவைக் காட்டச் சொல்லுங்கள், இந்தப் பள்ளியில் மறுக்க மாட்டார்கள். வேறு பள்ளியில் மறுத்தால் காரணம் கேளுங்கள். பெட்டி கட்டாயம் என்று முன்மேஜையில் இருக்கும் பெண் சொல்லும். கட்டாயம் இல்லை, மேடத்திடம் நேராகக் கேட்டால் விட்டுவிடுவார். வரும் ஜூனில் என் பேரனையும் அங்கேதான் ப்ரீ-கே.ஜி. சேர்க்கிறோம். டேர்ம் பீஸ் மட்டும் கட்டியாகிவிட்டது. ஆயாம்மா வேலையை விட்டு நிற்கப்போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. போன வாரம் கேட்டேன், கால் வலிதான், டாக்டரைப் பார்த்துக்கொண்டு வருவேன் என்றார்.